மணி அடிக்கிற வரைக்கும்

மச்சான் அவன் தோள்ல சாஞ்சாரு. நாவரசு முழங்கையால அவரைத் தள்ளி நிமிர்த்தி வச்சான்.

திரும்பிப் பாக்கலை. எதிர்ல இருந்த வெள்ளைச் சுவத்தை விட்டு பார்வையை நகர்த்தலை. தூங்கிட்டாரு மனுஷன், வேற என்னன்னு நினைச்சான்.

கொஞ்ச நேரத்துல மறுபடியும் சாஞ்சாரு. இந்தத் தடவை நல்ல கனம். நாவரசுக்கு எரிச்சலே வந்துடுச்சு. முதல் நாளே மானத்தை வாங்குறாரேன்னு. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளி, நேரா உட்கார வச்சான்.

அப்புறம் மச்சானோட மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. தண்ணி நிக்கப் போற குழாய் மாதிரி, விட்டு விட்டு.

"சத்தம் வரும், போகும். நீங்க உங்க மூச்சை விட்டுடாதீங்க"ன்னு டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. நாவரசு விடலை. அடிவயித்துல மூச்சை இறக்கினான். நீளமா வெளிய விட்டான். பக்கத்துச் சத்தம் கொஞ்ச கொஞ்சமா கொறைஞ்சு, போயே போச்சு.

அதுக்கப்புறம் அவனுக்கு ஒரு அமைதி வந்துச்சு பாருங்க. மூணு வருஷமா உட்கார்றான், அப்படி ஒரு அமைதி வந்ததே இல்லை. நெஞ்சுக்குள்ள யாருமே இல்லாத மாதிரி.

மணி அடிச்சுது. எல்லாரும் கும்பிட்டு எந்திரிச்சாங்க.

மச்சான் சுவத்துல நெத்தியை முட்டி அப்படியே உட்கார்ந்திருந்தாரு.

*

இது கோத்தகிரிக்கு மேல ஒரு ஜென் தியானக் கூடத்துல நடந்தது. முன்னாடி தேயிலை மூட்டை அடுக்கற குடோனா இருந்த எடம். இப்பவும் மழை பெஞ்சா பலகையிலேர்ந்து தேயிலை வாசம் வரும். ஞாயித்துக்கிழமை காலையில கீழேர்ந்து பத்துப் பதினஞ்சு பேர் வருவாங்க. சுவத்தைப் பாத்து உட்காரணும். முதுகு நேரா. மணி அடிக்கிற வரைக்கும் அசையக் கூடாது, பக்கத்துல திரும்பக் கூடாது. சட்டம்னு பாத்தா அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுக்கிறவங்க பேரு வேதா. நாவரசு வயசுதான் இருக்கும். ஜப்பான்ல ஒரு மடத்துல பல வருஷம் இருந்துட்டு வந்தவங்க. குரு, அம்மான்னு யாராவது கூப்பிட்டா சிரிச்சிடுவாங்க. அதனால எல்லாருக்கும் டீச்சர்.

நாவரசுக்கு மேட்டுப்பாளையத்துல போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வர்றவங்ககிட்ட நாள் முழுக்க "தோளை இறக்குங்க, தாடையைக் கொஞ்சம் உள்ள, ம்ம், நிமிருங்க"ன்னு சொல்றதுதான் பொழப்பு. ஜென் அவனுக்குப் பிடிச்சுப் போனதுல ஆச்சரியமே இல்லை.

மச்சான் பூபாலன் அவனோட அக்கா சுகந்தியோட வீட்டுக்காரர். அதே தெருவுல பேக்கரி. கல்லாவுல ஒரு பக்கமா சரிஞ்சுதான் உட்காருவாரு. சிரிச்சா இன்னும் சரிவாரு.

"மச்சான், கொஞ்சம் நேரா உட்காருங்க. பாக்கவே கஷ்டமா இருக்கு."

"ஏன் மாப்ள, எனக்கு எந்த நாட்டுக்கு விசா எடுத்திருக்க?"

பிரஷர் ஏறிப் போச்சுன்னு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. மச்சான் பாதி நாள் மறந்துடுவாரு. சுகந்தி தம்பிகிட்டதான் புலம்பினா. அப்ப நாவரசு உட்கார்ந்து வகுப்பே எடுத்தான்.

"முதுகு நிமிர்ந்தா விலா விரியும் மச்சான். விலா விரிஞ்சா மூச்சு அடிவயித்துக்குப் போகும். மூச்சை நீளமா வெளிய விடறப்ப நெஞ்சுத் துடிப்பு தானா மெதுவாகும். நெஞ்சு அடங்குனா மனசு அடங்கிடும்."

"எம்பட மனசு எங்கடா ஆட்டம் போட்டுச்சு, அடங்கறதுக்கு?"

"ஒரே ஒரு நாள் வாங்க."

"பப்ஸ் போடுவாங்களா அங்க?"

"டீ தருவாங்க."

"சரி வர்றேன். உங்கக்கா புலம்பலுக்கு அந்தச் சுவரே தேவலாம்."

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் காரை எடுத்துட்டுக் கெளம்பினாங்க. ரெண்டு மூணு வளைவு ஏறியிருப்பாங்க, மச்சான் நெஞ்சைத் தேச்சாரு.

"மாப்ள, என்னமோ இறுக்கிப் புடிக்கிற மாதிரி இருக்குடா."

"மலை ஏறுறோம்ல மச்சான். நிமிர்ந்து உட்கார்ந்து, அடிவயித்துலேர்ந்து மூச்சை இழுத்து, மெதுவா விடுங்க."

மச்சான் செஞ்சாரு. அன்னைக்கு கிண்டல்கூட பண்ணலை, சொன்னபடி செஞ்சாரு.

"பரவால்லடா. விட்டுடுச்சு. உங்கிட்ட வித்தை இருக்குது."

நாவரசுக்கு ஒரே பெருமை. கூடம் வர்ற வரைக்கும் விசிலடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டினான்.

*

கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. "கொஞ்சம் முன்னாடி கவனிச்சிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்"னாரு டாக்டர். அதை நாவரசு மட்டும்தான் கேட்டான். யாருகிட்டயும் சொல்லலை.

ஆனா கூடத்துலேர்ந்து கூட வந்த ஒருத்தரு ஆஸ்பத்திரி வாசல்ல சொந்தக்காரங்ககிட்ட சொல்லிட்டாரு. "தியானத்துல உட்கார்ந்தபடியே போயிட்டாருங்க. ஒரு சின்னச் சத்தம் இல்லை."

அவ்வளவுதான், ஊரே அதைப் பிடிச்சுக்கிச்சு.

"எத்தனை பேருக்குக் கெடைக்கும் இப்படி ஒரு சாவு?"

"பேக்கரிக்காரரு சித்தரு மாதிரிப் போயிட்டாரப்பா."

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயும் அதையே போடணும்னு பெரியப்பா பையன் சொன்னான். தியானத்தில் அமர்ந்த நிலையிலேயே இறைவனடி சேர்ந்தார். போட்டோ ரெடி பண்ண வேண்டியது யாரு? நாவரசுதான்.

மச்சானோட போட்டோவை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தான். கல்யாணத்துல, காதுகுத்துல, பேக்கரி தொறப்பு விழாவுல. ஒண்ணுல கூட மனுஷன் நேரா இல்லை. எல்லாத்துலயும் யார் மேலயோ சாஞ்சுதான் சிரிச்சுட்டு இருக்காரு. அக்கா மேல, பேக்கரி மாஸ்டர் மேல, ஒண்ணுல நாவரசு மேலயே.

அதுல ஒண்ணை வெட்டி எடுத்து, தலையை நேராக்கி, தோளைச் சமமாக்கி வச்சான். யோசிச்செல்லாம் செய்யலை. பழக்கம், கை பாட்டுக்கு வேலையைப் பாத்துடுச்சு.

சுகந்தி போஸ்டரையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தா.

"இப்பதான்டா சாமியார் மாதிரி இருக்காரு."

அவ அழலை. சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போறப்பவும் அழலை. "அமைதியா போன மனுஷன். நான் அழுதா அவருக்கு ஆகாது. நீதான சொன்ன, மூச்சை நீளமா விட்டா அடங்கும்னு? விடறேன். அடங்குது"ன்னா. வர்றவங்க எல்லாம் "எவ்வளவு தைரியம் பாரு"ன்னாங்க.

நாவரசுக்கு அதைப் பாக்க முடியலை. பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், காரை எடுத்துட்டு மலைக்குப் போயிட்டான்.

*

கூடத்துல யாரும் இல்லை. டீச்சர் வாசப்படியில உட்கார்ந்து செருப்புலேர்ந்து சேத்தைக் குச்சியால எடுத்துட்டு இருந்தாங்க.

அவன் நின்னுக்கிட்டே இருந்தான். அவங்க குச்சியைக் கீழ வச்சாங்க.

"கேளுங்க."

"டீச்சர், அன்னைக்கு நான் சரியாத்தான் உட்கார்ந்திருந்தேன். முதுகு நேரா இருந்துச்சு. மூச்சு அடிவயித்துல இருந்துச்சு. மனசு அவ்வளவு அமைதி. பக்கத்துல ஒரு மனுஷன் செத்துட்டு இருக்காரு, எப்படி டீச்சர் எனக்கு அந்த அமைதி வந்துச்சு?"

டீச்சர் அவனை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அவன் எப்பவும் உட்கார்ற எடத்தைக் காட்டினாங்க. பக்கத்துல மச்சான் உட்கார்ந்திருந்த மெத்தையை அவன் பாக்கலை.

"உட்காருங்க."

"வேணாம் டீச்சர். அன்னைக்கப்புறம் நான் உட்காரலை."

"உட்காருங்க."

உட்கார்ந்தான். அவங்க எதிர்ல உட்கார்ந்து அவனோட இடது கையைப் பிடிச்சு, வலது கை விரலை எடுத்து மணிக்கட்டுல வச்சாங்க. அவன் நாடியை அவனே பாக்கற மாதிரி.

"தெரியுதா?"

"தெரியுது. ரொம்ப வேகமா இருக்கு."

"நிமிருங்க. மூச்சை இறக்குங்க."

அவன் உடம்புக்குத்தான் பழக்கம் இருக்கே. முதுகு தானா நிமிர்ந்துச்சு. வயிறு விரிஞ்சுது. மூச்சு நீளமா போச்சு, இன்னும் நீளமா போச்சு.

விரலுக்கு அடியில துடிப்பு மெதுவாச்சு.

நாவரசு கையைப் படக்குனு உதறிட்டான். சூடான தோசைக்கல்லைத் தொட்டவன் மாதிரி.

"இப்பவுமா? அவர் செத்த எடத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, இப்பவுமா அடங்கும்?"

"அடங்கும்."

"நான் என்ன பண்ணியிருந்தாலுமா?"

"துடிப்புக்கு அதெல்லாம் தெரியாது நாவரசு."

அவன் முகத்தை மூடிக்கிட்டான். "அப்ப இத்தனை வருஷமா எனக்கு மனசு நல்லாயிட்டு வருதுன்னு நினைச்சேனே டீச்சர். ஸ்டுடியோவுல பையன் லைட்டை உடைச்சான், நான் திட்டலை. எதுத்த கடைக்காரன் வம்புக்கு வந்தான், நான் சிரிச்சேன். எல்லாம் இதுதானா? வெறும் துடிப்பு கொறைஞ்சதுதானா?"

டீச்சர் கொஞ்சம் முன்னாடி நகர்ந்து உட்கார்ந்தாங்க.

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"எது?"

"அவர் சாஞ்சது."

நாவரசு தலையைத் தூக்கினான். அவன் அதை இன்னும் அவங்ககிட்ட சொல்லவே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எல்லாம் சுவத்தைப் பாத்து உட்கார்றீங்க. நான் உங்களைப் பாத்துத்தான் உட்கார்றேன்." டீச்சரோட குரல் தேய்ஞ்சுது. "ரெண்டு தடவையும் பாத்தேன். புதுசா வந்தவரு தூங்குறாருன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அவரைப் பாக்கலை. உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன். இவ்வளவு இடைஞ்சல்லயும் எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்காரு, இத்தனை வருஷத்துல ஒருத்தராவது தேறிட்டாருன்னு."

வெளிய தேயிலை லாரி ஒண்ணு முக்கி முக்கி மேடு ஏறிப் போச்சு.

"அக்காகிட்ட என்ன டீச்சர் சொல்றது? அவ கையில இருக்கறது அது ஒண்ணுதான். நிம்மதியா போனாருங்கறது. அதையும் நான் புடுங்கணுமா?"

"அவங்க எப்படி இருக்காங்க?"

"அழவே இல்லை. நான் சொல்லிக் கொடுத்த மாதிரி மூச்சு விடறா. அடங்குதாம்."

டீச்சர் சட்டுனு எந்திரிச்சாங்க. அவங்க அப்படி எந்திரிச்சு நாவரசு பாத்ததே இல்லை. வாசல்ல போய், பாதி சேறு அப்படியே இருந்த செருப்பை மாட்டினாங்க.

"வீடு எங்க இருக்கு?"

*

ரெண்டு பேரும் கார்ல இறங்கினாங்க. அடிவாரத்துகிட்ட வர்றப்ப நாவரசு கேட்டான்.

"நீங்களே சொல்லிடறீங்களா டீச்சர்?"

"இல்லை."

"அப்ப எதுக்கு வர்றீங்க?"

"உங்க அக்கா கேள்வி கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

வீட்டுக்குள்ள மறுநாள் காரியத்துக்காக வாடகைப் பாத்திரம் வந்து இறங்கியிருந்துச்சு. சொந்தக்காரங்க மாடியில இருந்தாங்க. சுகந்தி முன் ரூம்ல, மச்சான் படத்துக்கு எதிர்ல பாய் போட்டு உட்கார்ந்திருந்தா. முதுகு நேரா. கை மடியில. வகுப்பு எடுத்தவனை விடத் தேறிட்டா.

"வாங்க டீச்சர்," எந்திரிக்கப் போனா.

"நீங்க உட்காருங்க," டீச்சர் பாய்லயே பக்கத்துல உட்கார்ந்தாங்க.

"இவன் காலையிலேர்ந்து போனை எடுக்கலைங்க. வாழையிலைக்குச் சொல்லச் சொன்னேன், சொன்னானோ இல்லியோ." தம்பியை ஒரு பார்வை பாத்தா. அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பினா. "உங்களை நேர்ல பாத்து ஒண்ணு கேக்கணும்னே இருந்தேனுங்க. எங்க வீட்டுக்காரரு நிம்மதியாத்தானுங்க போனாரு?"

டீச்சர் வாயைத் தொறக்கலை. நாவரசைப் பாக்கவும் இல்லை.

சுகந்தி காத்துட்டு இருந்தா. மாடியில யாரோ நாற்காலியை இழுத்தாங்க.

"அக்கா."

"உன்னைக் கேக்கலடா. நீ கண்ணை மூடிட்டுல்ல இருந்திருப்ப."

"அக்கா, அவர் என் மேல சாஞ்சாரு."

"எப்ப?"

"உட்கார்ந்திருக்கறப்ப. தூங்குறாருன்னு நினைச்சேன். தள்ளி நிமிர்த்தி வச்சேன். மறுபடியும் சாஞ்சாரு. மறுபடியும் தள்ளினேன்." பாயோட ஓரத்தைப் பாத்துக்கிட்டே சொன்னான். "மூச்சு மாறினதும் காதுல விழுந்துச்சுக்கா. கார்ல போறப்பவே நெஞ்சு இறுக்குதுன்னாரு. நான்தான் மூச்சை இறக்குங்க, சரியாயிடும்னேன்."

"திரும்பிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

சுகந்தி படத்தைப் பாத்தா. நேராக்கி வச்ச தலை, சமமாக்கி வச்ச தோள். முதுகை இன்னும் நிமிர்த்தினா. கண்ணை மூடி, வயித்துலேர்ந்து மூச்சை இழுத்து, மெதுவா வெளிய விடப் பாத்தா. பாதியில அது தடுக்கிச்சு. இன்னொரு தடவை இழுத்தா. அதுவும் வெளிய வர்றப்ப சத்தமா மாறிடுச்சு.

அப்புறம் முதுகு வளைஞ்சு, நெத்தி பாய்ல படற அளவுக்குக் குனிஞ்சு, சுகந்தி அழுதா. மாடியிலேர்ந்து ஆளுங்க ஓடி வந்து வாசல்ல நின்னாங்க. யாரும் உள்ள வரலை. டீச்சர் அவ முதுகுல கை வச்சாங்க. நிமிர்த்தறதுக்கு இல்லை, சும்மா வச்சாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு சுகந்தி முகத்தைத் தூக்கினா. முந்தானையால மூக்கைத் தொடைச்சா. தம்பியை நேராப் பாத்தா.

"சின்னப் புள்ளையில நீ தூங்கி விழுந்தா, அந்த மனுஷன் பஸ்ஸு ஊர் வந்து சேர்ற வரைக்கும் தோளை அசைக்க மாட்டாருடா." குரல் கம்மிப் போயிருந்துச்சு. "மேல வந்து சாயறவங்களைத் தள்ளி விடுன்னு எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"



"நாந்தாங்க"ன்னாங்க டீச்சர்.



உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கா? மனசு ரொம்ப அமைதியா இருந்த ஒரு காலையில, பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுதா?